தங்கவயலில் ஈரம் காயாத மூன்று கற்கள்

வந்த காரியம் என்ன என்று பெங்களூர் விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார். நான் ‘கல்லு’ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற ஃபரிடா முந்திக்கொண்டு பல்கலைக்கழகம், பள்ளிக்கூடம், விஞ்ஞான வகுப்பு என்று ஆங்கிலத்தில் எதையோ சொன்னாள். முத்திரை விழுந்தது. ஆனாலும் நான் சொன்னதுதான் சரி. என் மகள் சுமதி கோலார் தங்கவயலில் செய்து வைத்துவிட்டு வந்த மூன்று கற்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பத்தான் பினாங்கிலிருந்து அவ்வளவு தூரம் போனேன்.

சுமதி பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல் துறையில் வேலை பார்த்தாள். மண், சாம்பல், இரும்பு, கண்ணாடி இவையெல்லாம் எதனால் உறுதியாகின்றன, எதனால் உடைகின்றன என்று பார்க்கிற படிப்பு என்று எனக்குச் சொல்லியிருந்தாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனவள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவளுக்குத் தெரியும்.

தங்கவயலில் பொன்னை எடுத்துக்கொண்டு மிச்சத் தூளை நூறு வருஷமாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அது குன்று குன்றாக நிற்கிறது. விஷம் கலந்த தூள். அதோடு எங்கள் ஊர் செம்பனை எண்ணெய் ஆலைச் சாம்பலைச் சேர்த்து, சூளையில் வேகவைக்காமலே வீடு கட்டும் கல்லாக்கலாம் என்பது அவள் ஆராய்ச்சி. விஷம் கல்லுக்குள்ளேயே அடங்கிவிடும் என்றாள். மூன்று முறை அங்கே போனாள். போகும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுத்தாள். மூன்றாம் முறை போய்த் திரும்பிய மாதமே படுத்தாள். ரத்தத்தில் நோய். எழுந்திருக்கவில்லை.

அவள் சாம்பலைக் கடலில் கரைத்தோம். துணிமணிகளை உறவுக்காரப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அவள் கையால் செய்தது என்று வீட்டில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. அவள் செய்த கற்களையெல்லாம் இயந்திரத்தில் வைத்து நசுக்கிவிடுவாள். எவ்வளவு தாங்கும் என்று தெரிய அதுதான் வழியாம். “செய்யறதையெல்லாம் உடைக்கிற வேலைக்கா இவ்வளவு படிச்சே” என்று நான் கேட்டிருக்கிறேன். சிரிப்பாள்.

அப்போதுதான் ஃபரிடா வீட்டுக்கு வந்தாள். மலாய்க்காரப் பெண், சுமதியிடம் ஆராய்ச்சி படித்தவள். சுமதி விட்ட வேலையை இப்போது அவள்தான் முடிக்க வேண்டும். தங்கவயலில் மூன்று கற்கள் உடைபடாமல் இருப்பதாக அவள்தான் சொன்னாள். இருபத்தெட்டு நாள் ஈரத்தில் வைத்து எடுத்து உடைக்க வேண்டியவை. சுமதி திரும்பிப் போகாததால் கெடு தவறிவிட்டது, இனி அவை கணக்கில் சேராது. பெங்களூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடத்தப் போகிறேன், ஒரு கல் உங்களுக்கு என்றாள். நான் கூட வருகிறேன் என்று சொன்னது எனக்கே ஆச்சரியம். கடைத்தெருவுக்குத் தனியாகப் போகவே கூச்சப்படுகிறவள் நான்.

முதல் நாள் சாயங்காலம் பெங்களூரில் ரயில் ஏறினோம். காலையில் தங்கவயலிலிருந்து வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்புகிற வண்டி. நிற்க இடமில்லை. எங்கள் ஊர் ரயிலில் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இங்கே பெண்கள் பூக்கட்டினார்கள், அவரை நார் உரித்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சமையலில் பாதி முடிந்துவிடுகிறது. எதிரில் இருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்து, ஒரு கட்டு கீரையை என் மடியில் வைத்தார். “சும்மாத்தானே குந்திக்கினு கீறீங்க, இத்த ஆய்ஞ்சி குடுங்க” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பேசத் தெரியாதவளுக்குக் கைக்கு வேலை கொடுத்தால் போதும்.

பங்காருபேட்டையில் அந்த அம்மாள் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டார். ஆய்ந்த கீரையை வாங்கிக்கொண்டார், ஆயாத அரைக்கட்டு என் மடியிலேயே இருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. கீரையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கி ஓடி, அவர் கையில் கொடுத்துத் திரும்பினால் வண்டி நகர்கிறது. ஜன்னலில் ஃபரிடாவின் முகம் போகிறது. என் பை, செருப்புக்கூட வண்டியில்தான்.

கீரைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஃபரிடாவின் எண்ணைக் கேட்டு, தன் கைப்பேசியில் என்னைப் பேச வைத்து, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, “ஊமை மாதிரி கீறாங்க, பத்திரமா இட்டுக்கினு போ” என்று ஏற்றிவிட்டார். அரைக்கட்டுக் கீரையை எனக்கே கொடுத்துவிட்டார்.

ஆட்டோக்காரர் பெயர் முனி. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடிப்பார். வழியெல்லாம் அவர்தான் பேசினார். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவருடைய அப்பா ஷாஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் ஓட்டியவர், இப்போது ஊரில் பாதிப் பேர் ரயிலில்தான் வாழ்கிறார்கள் என்றார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

“இங்க வர்றவங்க எல்லாம் இன்னும் தங்கம் கீதான்னுதான் கேப்பாங்க. மண்ணைத் தேடிக்கினு வந்தது நீங்கதாம்மா” என்றார்.

அப்போதுதான் குன்றுகள் தெரிந்தன. நான் மலை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மலையில் ஒரு மரமாவது இருக்கும். இது சலித்த மாவைக் கொட்டிய மாதிரி வெளுத்து, மழை அறுத்த கோடுகளோடு நின்றது. காற்று அடித்தால் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும் என்று முனி சொன்னார். சுமதி எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் நின்று இந்தக் குன்றைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறாள். பாதி காதில்தான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் பசியாறினோம். இட்லி நன்றாக இருந்தது. தேநீரைத்தான் விரல் அளவுக் கண்ணாடிக் குவளையில் கொடுத்தார்கள். ஃபரிடா நான்கு வாங்கிக் குடித்தும் போதவில்லை என்றாள். பிறகு பிலோமினாவின் வீட்டுக்குப் போனோம்.

பிலோமினா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். கற்களை ஈரத்தில் வைக்கப் பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல், சுமதி அவர் வீட்டில் கொடுத்திருந்தாள். வீடு சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடு. எங்கள் தோட்டத்து லயம் மாதிரியேதான். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். சுவரின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி உதிர்ந்திருந்தது. சுவரில் மாதா படம், கீழே வேளாங்கண்ணி மெழுகுவர்த்தி.

என்னைப் பார்த்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “டீச்சரோட அம்மாதானே? மூஞ்சியே சொல்லுது. டீச்சர் எங்க, பின்னால வராங்களா?”

சுமதி இறந்த செய்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதாக ஃபரிடா சொல்லியிருந்தாள். பழைய தலைமையாசிரியர் மாற்றலாகிப் போயிருக்கிறார், செய்தி சமையல்கட்டு வரை வரவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு ஆமாம் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி. ஈரச்சாக்கை விலக்கினார். இரண்டு விரல் உயரத் தண்ணீரில், கைக்குள் அடங்குகிற மூன்று சதுரக் கற்கள் கறுத்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய ‘சு’ என்ற எழுத்து. சுழியை அவள் எப்போதும் பெரிதாகப் போடுவாள். மூன்றாவது கல்லின் பக்கத்தில் காய்வதற்கு முன்னால் எடுத்தபோது பதிந்த பெருவிரல் பள்ளம் இருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அவளுக்கு என் கை.

அதை எடுத்துக்கொள்ளலாமா என்று ஃபரிடாவைப் பார்த்தேன். அவள் கல்லைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படி நனைகிறது என்று கேட்கச் சொன்னாள்.

“அன்னிலேர்ந்துதான்” என்றார் பிலோமினா. “நான் வர்ற வரைக்கும் ஈரம் காயக்கூடாதுக்கான்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரு மாசத்துல வரேன்னாங்க. வரல. வராம எப்படிக் காய வுடறது?”

பதினான்கு மாதம். அந்த ஊரில் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற அன்றைக்கு வரிசையாகக் குடம் நிற்கும். அதில் ஒரு குடம் கல்லுக்கு. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனபோது பக்கத்து வீட்டில் சொல்லி, சாக்கை நனைக்க வைத்திருக்கிறார். “எங்க வூட்டுக்காரரக்கூட நான் இப்படிக் கவனிச்சதில்ல. அவரு இந்தத் தொட்டியப் பாத்துப் பொறாமப்படுவாரு” என்று சிரித்தார்.

ஃபரிடா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலாயில் பேசினாள். இந்த வகைக் கல்லில் யாரும் நம்பாத இடம் ஈரம்தான். மழையில், தரையோடு இருக்கும் சுவரில் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டால் பதில் இல்லை. இப்படி வருஷக்கணக்கில் நனைத்து வைத்துப் பார்க்க எந்தத் திட்டத்திலும் நேரம் கொடுப்பதில்லை. இந்த அம்மாள் தெரியாமல் செய்து வைத்திருக்கிறார். காய்ந்திருந்தால்தான் இந்தக் கற்கள் வீண். இப்போது இவைதான் சுமதி ஆராய்ச்சியில் மிச்சமிருந்த கேள்விக்குப் பதில்.

“மூன்றையும் உடைக்க வேண்டும், மக்சிக்” என்றாள். அவள் என்னைப் பெரியம்மா என்பதுபோல அப்படித்தான் கூப்பிடுவாள். “இரண்டை உடைத்துச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்கு ஒன்று தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் ஒன்றை விட்டுவிடுகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.”

நாங்கள் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்த பிலோமினா என்ன என்று கேட்டார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கற்களை உடைக்கப் போவதாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சாக்கை இழுத்து மூடினார்.

“ஒடைக்கவா? ஒடைக்கவா இத்தினி தண்ணி ஊத்தனேன்? டீச்சர் வரட்டும். அவுங்க வாயால சொல்லட்டும். அவுங்க சொல்லாம இதுல நான் கை வைக்க வுட மாட்டேன்.”

இனி சொல்லாமல் இருக்க முடியாது. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, “அவ வரமாட்டாம்மா. ஜனவரி மொதல் வாரத்துலயே போயிட்டா” என்றேன்.

அவர் அழவில்லை. பிறகு ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். “ஜனவரியிலயா. பொங்கலுக்கு எந்தம்பி வேலூர்லேர்ந்து வந்து கூப்ட்டான். கல்லு காஞ்சிரும், வர்லடான்னேன். அப்பவே அவுங்க இல்ல.”

அதன் பிறகு எங்களுக்குக் கோப்பி கொடுத்தார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, “டீச்சருக்கு அடுத்தது நீங்கதான். நாளைக்கு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா குடுக்கறேன்” என்றார்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் முனி கொண்டுவந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட முடியவில்லை. ஃபரிடா பெங்களூர் பேராசிரியரோடு பேசிக்கொண்டிருந்தாள். என் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அவள் கவனமாக இருந்தது தெரிந்தது. எடுத்திருந்தால்கூடத் தேவலை. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தால் யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? ஃபரிடா வேறு கல் செய்வாள், நனைப்பாள். ஆனால் அது ஃபரிடா செய்த கல், சுமதி செய்ததில்லை. இன்னும் ஒரு பதினான்கு மாதம் அவளுக்கு யார் கொடுப்பார்கள்? அப்படியும் யோசித்தேன், இப்படியும் யோசித்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம். கூடத்தில் எழுபது எண்பது பிள்ளைகள். பெங்களூரிலிருந்து வேனில் கையால் அழுத்தும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். பேராசிரியர் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினார். குன்றுத் தூளைக் கையுறை போட்டுக்கொண்டு எப்படித் தொட வேண்டும், சாம்பல் அதில் என்ன செய்கிறது என்று காட்டினார். உப்பு, சுண்ணாம்பு, சர்க்கரை எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஒரு பெண் எழுந்து, தூளையெல்லாம் கல்லாக்கிவிட்டால் நாங்கள் சறுக்கி விளையாட எங்கே போவது என்று கேட்டாள். கூடமே சிரித்தது. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

பிலோமினா எனாமல் பேசினில் ஈரச்சாக்கு போர்த்திக் கற்களை இடுப்பில் சுமந்து வந்தார். பேராசிரியர் வாங்கக் கையை நீட்டினார். பிலோமினா கொடுக்கவில்லை. பிள்ளைகளைத் தாண்டி என்னைத் தேடிப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபரிடாவும் பார்த்தாள்.

என் கல்யாணத்தில்கூட அத்தனை பேர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. எழுந்தேன்.

“மூணும்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பேராசிரியர் காதருகே கையை வைத்தார்.

“மூணையும் உடைங்க.”

பிலோமினா பேசினை இறக்கி வைத்தார்.

முதல் கல்லை வைத்துக் கைப்பிடியை அழுத்த அழுத்த, அழுத்தம் காட்டுகிற முள் ஏறியது. பிள்ளைகள் எண்களைச் சேர்ந்து கத்தினார்கள். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். முள் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், ஃபரிடா எழுதினாள். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை வைத்தபோது நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்த பிறகுதான் திரும்பினேன். விரல் பதிந்த பக்கம் முழுக்க உதிர்ந்து தட்டில் கிடந்தது.

எண்கள் நல்ல எண்கள் என்றாள் ஃபரிடா. பிறகு உடைந்த பாதியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டாள். கல்லின் ஓரம் நகத்தின் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அதற்கு உள்ளே முழுக்க வெளுப்பு. பதினான்கு மாதத் தண்ணீர் அந்தக் கறுப்புக் கோட்டைத் தாண்டவில்லை.

பிலோமினாவும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. “உள்ள போவவே இல்லியே. அப்ப நான் சரியா ஊத்தலியா?”

ஃபரிடாவுக்கு அதை மலாயில் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சொன்னதைத் தமிழில் சொன்னேன். நீங்கள் ஊற்றியது சரி, ஒரு நாள் விடாமல் ஊற்றியதால்தான் இந்தக் கல் தண்ணீரை உள்ளே விடாது என்று இன்றைக்குத் தெரிந்தது. வீடு கட்டினால் சுவர் அடியில் உதிராது. இனி இதை எழுதுவார்கள், சுமதியின் பெயரை முதலில் போட்டு எழுதுவார்கள். இத்தனையையும் நின்று, எல்லார் முன்னாலும், நானே சொன்னேன். பிலோமினா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முந்தின நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஃபரிடா அளவுகோலை வைத்து அளந்தாள், படம் எடுத்தாள். துண்டுகளையும் பைகளில் போட்டு எண் எழுத வேண்டும், பூதக்கண்ணாடியைவிடப் பெரிய இயந்திரத்தில் இன்னும் பார்க்க வேண்டும். ஒன்றும் மிஞ்சாது. அவள் என்னிடம் அந்தப் பாதியை நீட்டினாள். நடுவில் விரலை வைத்தேன். சுமதி கலவையை அச்சில் அழுத்தி மூடிய நாளுக்குப் பிறகு வெளிச்சமோ தண்ணீரோ யார் கையோ படாத இடம். மாவு மாதிரி விரலில் ஒட்டியது. காய்ந்திருந்தது. துண்டை நானே பையில் போட்டேன்.

தூளைத் தொட்டவர்கள் எல்லாரும் கண்டிப்பாகக் கை கழுவ வேண்டும் என்று பேராசிரியர் சத்தமாகச் சொன்னார். பிள்ளைகள் வெளியே ஓடி வரிசையாக நின்றார்கள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, குடத்திலிருந்து சொம்பில் மொண்டு ஒவ்வொரு கையாக ஊற்றினார். நான் கடைசியில் நின்றேன். வரிசை சீக்கிரம் குறைந்தது. என் முறை வந்ததும் மாவு ஒட்டிய விரலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினேன். அவர் தயங்கினார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. ஊற்றினார்.